விற்பனை விலையைப் பார்த்துப் பதறாதீர்கள்: இஸ்லாமிய வங்கிகள் எதில் மோதுகின்றன?

மலேசியாவில் 4 லட்சம் ரிங்கிட் வீட்டுக் கடன், 30 வருடத் தவணை. இஸ்லாமிய வங்கி தரும் பத்திரத்தில் 'விற்பனை விலை' சுமார் 1,263,700 ரிங்கிட் என்று இருக்கும். பார்த்ததும் பகீரென்றாகும். ஆனால் அது 10% உச்ச லாப விகிதத்தில் போட்ட கணக்கு. நடப்பு விகிதம் 4% என்றால் மாதம் கட்டுவது 1,910 ரிங்கிட்தான். மிச்சத்தை 'இப்ரா' என்ற தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள்.

ஏன் இந்தச் சுற்றுவழி? மார்க்கத்தில் வட்டிக்குத் தடை. அதனால் வங்கி பொருளை வாங்கி, லாபம் சேர்த்து விற்கிறது. இதற்கு முராபஹா என்று பெயர். அதில் ஒருமுறை பேசிய விலையை ஏற்ற முடியாது, குறைக்கலாம். அதனால் உச்சத்தில் விலையை எழுதிவைத்து, சந்தை விகிதத்துக்கு ஏற்பக் கீழே இறக்குகிறார்கள். வட்டி எவ்வளவு ஏறினாலும் 10%-ஐத் தாண்டி வசூலிக்க முடியாது என்பது வாடிக்கையாளருக்கு லாபம். முன்கூட்டியே கடனை அடைப்பவர் கவனிக்க வேண்டியது இப்ரா பற்றிய வாசகத்தை. அது ஒப்பந்தத்தில் எழுதப்படாத காலத்தில் வழக்குகள் குவிந்தன. பிறகுதான் மத்திய வங்கி அதைக் கட்டாயமாக்கியது.

பின்னணியில் நடப்பது தவர்ருக். வங்கி செம்பனை எண்ணெய் போன்ற ஒரு சரக்கை 4 லட்சத்துக்கு வாங்கி, அந்தப் பெரிய விலைக்கு உங்களுக்குத் தவணையில் விற்கும். பிறகு உங்கள் முகவராக நின்று அதையே வேறொரு தரகரிடம் 4 லட்சம் ரொக்கத்துக்கு விற்றுத்தரும். இதற்கென்றே 2009-இல் 'புர்சா சூக் அல்-சிலா' மின்சந்தை வந்தது. வரிசை மாறி, வங்கி தான் வாங்கும் முன்பே உங்களுக்கு விற்றால் ஒப்பந்தம் செல்லாது.

1983-இல் தொடங்கிய பேங்க் இஸ்லாமுக்குப் பத்து வருடம் போட்டியே இல்லை. 1993-இல் வழக்கமான வங்கிகளுக்கும் கதவு திறந்தது. இப்போது முஸ்லிம் அல்லாதவர்களும் வாங்குவதால், போட்டி மார்க்கத்தில் இல்லை, லாப விகிதத்தின் கால் சதவீத வித்தியாசத்தில்.

சவூதியில் கதை வேறு. அங்கே பலர் நடப்புக் கணக்குப் பணத்துக்கு எந்த வருமானமும் கேட்பதில்லை. அந்நாட்டு இஸ்லாமிய வங்கியான அல் ராஜ்ஹியின் பலமே அந்த இலவசப் பணம்தான். அதே வங்கி மலேசியா வந்தபோது அந்தப் பலத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவர முடியவில்லை. இங்கே டெபாசிட் போடுபவர் முதலில் கேட்பதே எத்தனை சதவீதம் என்றுதான்.

ஓமான் 2012 விதிகளில் பொதுவாகத் தவர்ருக்கையே விலக்கிவிட்டது. ஆகவே அங்கே இஜாராவும் (வாடகை முறை), வங்கியின் பங்கு படிப்படியாகக் குறையும் முஷாரகாவும் (கூட்டு உரிமை) தான். மார்க்க நோக்கில் சுத்தம் (என் ஓட்டும் அதற்கே), ஆனால் அவசரத்துக்குப் பணம் திரட்ட வங்கி திண்டாடும். கத்தாரோ 2011-இல் வழக்கமான வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளையே மூடச் சொல்லிவிட்டது. முழு இஸ்லாமிய வங்கிகளுக்கு அது வலிய வந்த வாடிக்கை.

பிரிட்டனில் தடை வரியாக வந்தது. வங்கி வீட்டை வாங்கி, பிறகு உங்களுக்கு விற்றால் முத்திரைத் தீர்வை இரண்டு தடவை. 2003 நிதிச் சட்டம் அதை நீக்கியது. அடுத்த வருடமே இஸ்லாமிக் பேங்க் ஆஃப் பிரிட்டன் திறந்தது. டெபாசிட்டிலும் ஒரு சிக்கல்: நஷ்டத்தில் பங்கு என்பது ஷரீஆ, முழுத்தொகையும் திருப்பித் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தீர்வு, சட்டப்படி முழுப் பணமும் வாடிக்கையாளருக்கு உண்டு. மார்க்கக் காரணத்துக்காக வேண்டாமென்று மறுக்கும் உரிமையும் அவருக்கே.

இந்தியாவில் இந்தப் போட்டிக்கே இடமில்லை. வங்கி சரக்கு வாங்கி விற்பதை 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடுக்கிறது.