கோர்ஃப்பாலில் ஒருவரை ஒருவர் தடுப்பது: கால்களுக்கான பயிற்சி

உயரமான கம்பத்தின் உச்சியிலுள்ள கூடையில் பந்தைப் போடும் குழு ஆட்டம் கோர்ஃப்பால். அதில் தடுப்பவருக்கு விதி தரும் சலுகை பெரியது. எதிராளியைவிடக் கம்பத்துக்கு அருகில், கையெட்டும் தூரத்தில், அவர் முகம் பார்த்து நின்று, பந்தை மறிக்கக் கையை உயர்த்தினால் போதும். அந்த எதிராளி கூடைக்கு எறியக் கூடாது. எறிந்து உள்ளே விழுந்தாலும் கோல் கிடையாது. தடுப்பவர் பந்தைத் தொட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர் கையிலிருக்கும் பந்தைத் தட்டிவிடத்தான் அனுமதி இல்லை. சரியான இடத்துக்குப் போய்ச் சேருவதே பாதி வேலை என்பதால், சில வாரங்களாகக் கால்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து வருகிறேன்.

முதலில் பந்தே இல்லாமல் தொடங்கினோம். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கூட்டாளி போகும் பக்கமெல்லாம் நகர வேண்டும். திடீரென்று அவர் "நில்" என்பார். இருவரும் நின்ற இடத்திலேயே நிற்க, நான் கையை நீட்டிப் பார்ப்பேன். ஆரம்பத்தில் விரல் நுனிக்கும் அவர் தோளுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விழும். பார்வையை அவர் முகத்திலிருந்து இடுப்புக்கு இறக்கியதும் அது குறைந்தது. முகமும் தோளும் ஏமாற்றும். இடுப்பு போகும் திசையில்தான் ஆளும் போவார். பந்து வைத்து ஓடவோ தட்டிக்கொண்டு போகவோ முடியாத ஆட்டம் இது. பந்தில்லாத நேரத்து ஓட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பிறகு மூன்றாவது ஆளைப் பந்துடன் கம்பத்தடியில் நிறுத்தினோம். இங்கேதான் உண்மையான தலைவலி. நெருங்கி நின்றால் எதிராளி என்னைக் கடந்து ஓடி, பந்தை வாங்கிய வேகத்தில் கூடைக்குக் கீழிருந்து போட்டுவிடுவார். பின்வாங்கினால் நின்ற இடத்திலிருந்தே தூர எறிவு. என் முன்னங்கால் இருக்கும் பக்கமாகவே அவர் வெட்டி ஓடுவதைக் கவனித்து, அதையே பயிற்சியாக்கினோம்: ஓட்டம் எப்போதும் அந்தப் பக்கம், நான் முன்னங்காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்து, கால்கள் பின்னாமல் திரும்பிக் கூடவே ஓட வேண்டும். உரசினால் கதை முடிந்தது. கோல் வாய்ப்பைக் கெடுத்ததாக 2.5 மீட்டரிலிருந்து பெனால்டி.

ஒவ்வொரு சுற்றும் 25 வினாடி. கூடைக்கு எறிய ஓர் அணிக்குக் கிடைக்கும் நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கின் அளவு அது. கடைசி ஐந்தாறு வினாடிகளில் தொடை எரியத் தொடங்கும்போது உடம்பு நிமிரப் பார்க்கும். நிமிர்ந்தால் முதல் அடி தாமதமாகும். கை உயர்த்துவதில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: எகிறக் கூடாது. எறிவதுபோல் பாவனை காட்டினாலே எகிறுகிற தடுப்பவர் தரையில் இறங்குவதற்குள் எதிராளி பறந்துவிடுகிறார்.

கம்பத்துக்கு முன்னால் இப்போது ஓரளவு நம்பிக்கை வந்திருக்கிறது. பின்பக்கம் இன்னும் வசப்படவில்லை. கம்பம் எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளி நிற்பதால் ஆட்டம் அதைச் சுற்றி நடக்கிறது. எதிராளி வளைந்து ஓடும்போது கம்பமும் பந்து வைத்திருப்பவரும் என் வழியில் வந்து நிற்கிறார்கள். இந்த வாரம் அந்த வட்ட ஓட்டத்தை மட்டும், பாதி வேகத்தில், இரு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறோம்.