டைஸ் உருட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது டேபிளைச் சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு கேரக்டரா பேசி விளையாடற ரோல்பிளேயிங் கேம், விளையாடறவங்க நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா கண்டிப்பா வர்ற ஒரு வாக்குவாதம் இருக்கு. ஜிஎம் (கேம் மாஸ்டர், ஆட்டத்தை நடத்தறவர்) குடுக்கற ரூலிங், அதாவது ரூல் இல்லாத இடத்துல அவரா சொல்ற முடிவு, பிளேயரோட சுதந்திரத்தை பறிக்குதா இல்லையான்னு. "ரூல்புக்ல என்ன இருக்கோ அதை மட்டும் வச்சு ஓட்டுங்க, உங்க இஷ்டத்துக்கு முடிவு பண்ணாதீங்க"ன்னு ஒரு குரூப், "ஜிஎம் சொல்றதுதான் ஃபைனல், பிடிக்கலன்னா வேற டேபிள் பாரு"ன்னு இன்னொரு குரூப். ரெண்டு பேருமே ரூலிங் ஒரு பக்கம், பிளேயர் ஏஜென்சி, அதாவது தானா முடிவெடுக்கற சுதந்திரம், எதிர்ப்பக்கம்னு வச்சுக்கிட்டுதான் பேசறாங்க, எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. என் டேபிள்ல பிளேயருங்களுக்கு கிடைச்ச நல்ல நல்ல தருணம் எல்லாமே புக்ல இல்லாத ஒரு விஷயத்தை அவங்க கேட்டு நான் ஒரு ரூலிங் குடுத்ததால வந்ததுதான். அதனால ரூலிங் குடுக்கலாமா வேணாமாங்கறது எனக்கு கேள்வியே இல்ல. எப்போ வாயைத் திறந்து சொல்றோம்ங்கறதுதான் கேள்வி.

இந்த கேம் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ஒருத்தர் கேம் மாஸ்டர், அவர்தான் உலகத்தை விவரிப்பார், மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்துக்கிட்டு "நான் இதைப் பண்றேன்"னு சொல்வாங்க, நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா டைஸ் உருட்டுவாங்க. அவ்வளவுதான். எதை வேணா முயற்சி பண்ணலாம்ங்கறதுதான் இதோட உயிர், கம்ப்யூட்டர் கேம்ல புரோகிராமர் வைக்காத கதவைத் திறக்க முடியாது, இங்க சுவத்தையே இடிக்கிறேன்னு சொல்லலாம்.

அந்த "எதை வேணா முயற்சி பண்ணலாம்" எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா நேரா ரூலிங்கிட்டதான் போய் நிக்கும். 19ஆம் நூற்றாண்டுல பிரஷ்ய ராணுவத்துல ஆபீசர்களுக்கு பயிற்சிக்காக கிரீக்ஸ்ஷ்பீல்னு ஒரு போர் விளையாட்டு இருந்துச்சு. 1824ல ரைஸ்விட்ஸ்ங்கற ஆபீசர் அதுக்கு ரூல்ஸ் எழுதினார், டைஸ், இழப்புக் கணக்கு அட்டவணை எல்லாம் உண்டு, நடுவுல அம்பயர் உக்காந்திருப்பார். இந்த கணக்கெல்லாம் பாத்துப் பாத்தே விளையாட்டு நகர மாட்டேங்குதுன்னு 1876ல வெர்டி டு வெர்னுவா அந்த அட்டவணையெல்லாம் ஓரமா வச்சுட்டு அனுபவம் உள்ள அம்பயரே முடிவு சொல்லட்டும்னு மாத்தினார். அமெரிக்காவுல 1880ல சார்லஸ் டாட்டன் ஸ்ட்ரேடஜோஸ்னு ஒரு ராணுவ விளையாட்டுப் புத்தகம் எழுதினார், அதுலயும் ரெஃப்ரிக்கு இந்த மாதிரி பெரிய அதிகாரம் இருந்துச்சு. அந்தப் பழைய புத்தகத்தை மினசோட்டாவுல டேவிட் வெஸ்லிங்கறவர் தேடிப் படிச்சுட்டு, 1969ல நண்பர்களை வச்சு பிரவுன்ஸ்டைன்னு ஒரு கற்பனை ஊர்ல ஒரு கேம் நடத்தினார்.

நெப்போலியன் காலம், ரெண்டு படை அந்த ஊரை நோக்கி வந்துக்கிட்டிருக்கு, ஊர்ல மேயர், பேங்கர்னு ஆளுக்கு ஒரு ரோல் குடுத்தாச்சு. சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன முன்னோட்டம்னுதான் வெஸ்லி நினைச்சார். ஆனா அவங்கவங்க தனித்தனியா கூடிப் பேச ஆரம்பிச்சு, திட்டம் போட்டு, நடுவுல ரெண்டு பேர் டூயல் (ஒத்தைக்கு ஒத்தை சண்டை) போடணும்னு வேற வந்து நின்னுட்டாங்க, அதுக்கு அவர்கிட்ட ரூலே கிடையாது, அங்கேயே ஒண்ணு யோசிச்சு சொன்னார். படை வந்து சேரவே இல்ல. கேம் ஃபெயிலாயிடுச்சுன்னு அவர் நினைச்சார், விளையாடினவங்க இன்னொண்ணு எப்போன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் லத்தீன் அமெரிக்க நாடு ஒண்ணை வச்சு நடத்தின கேம்ல டேவ் ஆர்னெசன் ஒரு புரட்சிக்கார மாணவன் ரோல்ல இருந்துக்கிட்டு போலி சிஐஏ அடையாள அட்டையைக் காட்டி எல்லாரையும் நம்ப வச்சு கடைசியில நாட்டோட கஜானாவையே தூக்கிட்டுப் போன கதை இந்த ஹாபியில ரொம்ப பிரபலம். அந்த ஆர்னெசன்தான் பிளாக்மூர்னு ஒரு கற்பனை உலக கேம் நடத்தினார், அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கொண்டு வந்தாங்க.

ஏன் இவ்வளவு வரலாறுன்னா, முதல் நாள்லேர்ந்தே ரூலிங்தான் பிளேயருக்கு கதவைத் திறந்து விட்டிருக்கு. டூயலுக்கு ரூல் இல்லைன்னு வெஸ்லி சொல்லியிருந்தா அதோட முடிஞ்சது. அப்போ பிரச்சனை எங்க வருதுன்னா, வெளிய சொல்லாத ரூலிங்ல.

கொஞ்சம் கணக்கு பாப்போம், இதை நிறைய ஜிஎம் யோசிக்கறதே இல்லைன்னு எனக்குத் தோணுது. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) அஞ்சாவது எடிஷன்ல 20 முகம் உள்ள டைஸை உருட்டி போனஸைக் கூட்டி டிசிங்கற இலக்கு எண்ணைத் தொடணும், டிசி 10 ஈஸி, 15 மீடியம், 20 கஷ்டம். +5 போனஸ் இருக்கற கேரக்டர் டிசி 15க்கு உருட்டினா டைஸ்ல 10 வந்தா போதும், 55 சதவீதம். அதே விஷயத்தை ஜிஎம் மனசுக்குள்ள 20ன்னு வச்சுக்கிட்டா 15 வரணும், 30 சதவீதம். டிசியைத் தொடாம டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி குறைஞ்சதை எடுத்துக்கறது) மட்டும் குடுத்தாலும் கிட்டத்தட்ட அதே 30தான். பாதிக்கு மேல வாய்ப்பு இருக்குன்னு நம்பி குதிச்சவனை மூணுல ஒண்ணு கூட இல்லாத இடத்துல இறக்கி விட்டாச்சு, அவனுக்கு அது தெரியவே தெரியாது.

இதை விட மோசமானது எத்தனை தடவை உருட்டணும்ங்கறது. கோட்டை முற்றத்தை சத்தமில்லாம தாண்டணும். ஒரு ரோல்னா 55 சதவீதம். ஆனா ஜிஎம் சுவர்கிட்ட ஒண்ணு, கிணத்தடியில ஒண்ணு, கதவுகிட்ட ஒண்ணுன்னு மூணு தடவை கேட்டா, மூணுலயும் ஜெயிக்கற வாய்ப்பு 17 சதவீதம் கூட இல்ல. ஒரே வேலை, ஒரே கேரக்டர், ஒரே டிசி, ஆனா நடக்கவே நடக்காதுன்னு ஆக்கியாச்சு. கெட்ட எண்ணத்துல யாரும் பண்றதில்ல, பதட்டம் கூடட்டும்னுதான் பண்றாங்க. லூக் கிரேன் எழுதின பர்னிங் வீல்ங்கற ஆர்பிஜில இதுக்காகவே லெட் இட் ரைட்னு ஒரு ரூல் இருக்கு, ஒரு தடவை உருட்டியாச்சுன்னா நிலைமை உண்மையிலேயே மாறாத வரைக்கும் அந்த ரிசல்ட்டே நிக்கும், ஜிஎம்மும் திரும்பக் கேக்கக்கூடாது, பிளேயரும் இன்னொரு தடவை முயற்சி பண்றேன்னு வரக்கூடாது. அந்த ஒரு ரூலை நான் எந்த சிஸ்டம் ஓட்டினாலும் எடுத்துக்கிட்டுப் போறேன்.

என் டேபிள்ல நடந்த ஒண்ணு சொல்றேன், நாங்க வீக்கெண்ட்ல டிஸ்கார்டுங்கற ஆன்லைன் சாட் ஆப்ல விளையாடறோம். ஆத்துக்கு நடுவுல ஒரு கோட்டை, உள்ள ஒரு கைதி, அவரை வெளிய கொண்டு வரணும். நான் வரைபடம், காவல் மாறுற நேரம், பழைய சாக்கடை வழி எல்லாம் போட்டு வச்சிருந்தேன். திருடி கேரக்டர், பேரு நரி, அதை விளையாடற பொண்ணு வரைபடத்தையே பாக்கல.

"அண்ணா, உள்ள இருக்கறவங்களுக்கு அரிசி பருப்பு எங்கேர்ந்து வருது?"

நான் அதை யோசிச்சே வைக்கல, ஆனா ஆத்து நடுவுல இருக்கற கோட்டைக்கு வேற வழி என்ன இருக்கு. "படகுலதான். கரையில இருக்கற ஊர்லேர்ந்து ஒரு படகுக்காரர் கொண்டு போய் இறக்குவார்."

"அப்போ அந்த மூட்டையில ஏதாவது கலந்துடலாம்ல?"

மூலிகை தெரிஞ்ச குள்ளன் கேரக்டர் பிளேயருங்க குழுவுல இருந்தான். நான் அப்படியே வெளிப்படையா சொன்னேன், ஹெர்பலிசம் கிட் (மூலிகைப் பெட்டி) வச்சு டிசி 15, ஒரே ஒரு ரோல். ஜெயிச்சா அன்னைக்கு ராத்திரி பாதி காவலாளி எந்திரிக்கவே மாட்டான். தோத்தா சமையல்காரன் வாசனையை வச்சே கண்டுபிடிச்சுடுவான், காவல் ரெட்டிப்பாகும், முதல்ல மாட்டறது படகுக்காரர்தான், ஏன்னா மூட்டை அவர் கையிலேர்ந்துதான் போகுது, அவர் குடும்பம் இந்தக் கரையிலதான் இருக்குன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் மைக்ல யாருமே பேசல. அப்புறம் பூசாரி கேரக்டர் விளையாடற பையன், "மச்சான், அந்த ஆள் நமக்கு என்னடா பாவம் பண்ணான்?"னு ஆரம்பிச்சான். நரி விடல, 55 சதவீதம் இருக்கு, பண்ணிடலாம்னு. கைதி வெளிய வரலன்னா ஒரு கிராமமே போயிடும், ஒரு ஆளுக்காக பாக்கறதான்னு குள்ளன். அரை மணி நேரத்துக்கு மேல சண்டை, நான் ஒரு வார்த்தை பேசல. கடைசியில முதல்ல படகுக்காரர் குடும்பத்தை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டுட்டு அவர்கிட்டயே விஷயத்தை சொல்லி அவர் சம்மதிச்சா மட்டும் பண்றதுன்னு முடிவாச்சு. அந்த செஷன்ல அந்தத் திட்டத்துக்கு ஒரு டைஸ் கூட விழல. தோத்தா என்ன ஆகும்னு நான் சொல்லாம உருட்ட வச்சு, அப்புறமா "படகுக்காரரைப் பிடிச்சுட்டாங்க"ன்னு சொல்லியிருந்தா அது என்னோட கதை, அவங்க வெறும் டைஸ் உருட்டினவங்க. முன்னாடியே சொன்னதால அந்த மனுஷனோட உயிரை எடை போட்டது அவங்க.

இதைத்தான் ஜான் ஹார்ப்பர் 2017ல பிளேட்ஸ் இன் த டார்க்ங்கற ஆர்பிஜில ரூலாவே எழுதி வச்சிருக்கார். எந்த ஆக்‌ஷன் பண்றேங்கறது பிளேயர் முடிவு, ஜிஎம் அதைத் தட்ட முடியாது. அது எவ்வளவு ஆபத்து, எவ்வளவு பலன்னு ஜிஎம் சொல்லணும், ஆபத்து கன்ட்ரோல்டா (கட்டுக்குள்ள) ரிஸ்கியா டெஸ்பரேட்டா (ரொம்ப மோசம்)ன்னு. கேட்டுட்டு பிளேயர் வேணாம்னு வேற வழி போகலாம். அதிகாரம் யார்கிட்ட இருக்குன்னு அடிச்சுக்கறதுக்கு பதிலா ஆளுக்குப் பாதி பிரிச்சுக் குடுத்த அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டா த்ரில் எங்க இருக்குன்னு கேக்கறவங்க உண்டு, நியாயமான கேள்விதான். உலகத்தோட ரகசியத்தை நான் சொல்லச் சொல்லல. கொலைகாரன் யாரு, சுவத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு, ராணி யார் பக்கம், அதெல்லாம் பிளேயர் தேடித்தான் கண்டுபிடிக்கணும். ஆனா மதில் சுவர் முன்னாடி நிக்கற ஒருத்தனுக்கு அது எவ்வளவு உயரம், கல்லு வழுக்குதா, விழுந்தா கால் உடையுமா உயிர் போகுமான்னு கண்ணுக்கே தெரியும். பிளேயருக்கு அந்தக் கண்ணு கிடையாது, நம்ம வாய்தான் அவங்களுக்குக் கண்ணு. கேரக்டருக்குத் தெரிஞ்சதை பிளேயர்கிட்ட மறைச்சு வர்ற த்ரில் எனக்கு வேணாம்.

குவான்டம் ஓகர்னு ஒரு விஷயம் சொல்வாங்க, ரெண்டு பாதை இருக்கும், பிளேயர் எந்தப் பக்கம் போனாலும் ஜிஎம் அதே ஓகரை (ஒரு ராட்சசன்) கொண்டு வந்து அங்க நிறுத்துவார். பிளேயருக்குத்தான் தெரியாதே, என்ன கெட்டுப்போச்சுன்னு ஒரு வாதம். அடுத்த தடவை அவங்க வேவு பாக்க ஆள் அனுப்பினாங்கன்னா, தடம் பாத்தாங்கன்னா, ஊர்க்காரங்ககிட்ட விசாரிச்சாங்கன்னா அதெல்லாம் வீண் வேலைன்னு ஆயிடுது, அதுதான் கெட்டுப்போச்சு. 1984ல வந்த டிராகன்லான்ஸ்ங்கற டி அண்ட் டி அட்வென்சர்ல, அதாவது ரெடிமேட் கதைப் புத்தகத்துல, கதைக்கு வேண்டிய முக்கியமான கேரக்டர் செத்தா உடம்பு கிடைக்காத மாதிரி சாகட்டும், அப்புறம் திரும்ப வர வசதியா இருக்கும்னு ஜிஎம்முக்கே யோசனை சொல்லியிருக்கும். அந்தக் கதை நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும், ஆனா வில்லனைக் கொல்றதுக்காக உயிரைப் பணயம் வச்ச பிளேயருக்கு அது என்ன பதில்? ஜிஎம் தன் டைஸை மறைப்பு அட்டைக்குப் பின்னாடி உருட்டி மாத்திச் சொல்றதும் இதே வகைதான். டி அண்ட் டியோட ஜிஎம் புத்தகமான 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடே அதுக்கு இடம் குடுக்குது, இருந்தாலும் நான் பண்றதில்ல. நான் உருட்டறது எல்லாம் டிஸ்கார்டு சேனல்ல ஒரு பாட் (தானா உருட்டற புரோகிராம்) மூலமாதான் போகும், எல்லாரும் பாப்பாங்க.

இன்னொண்ணு, முடியாதுன்னு சொல்றதும் ரூலிங்தான், அதுல தப்பே இல்ல. ராஜாகிட்ட போய் நாட்டை எழுதிக் குடுன்னு கேட்டு நேச்சுரல் 20 (டைஸ்லயே 20) விழுந்தா குடுத்துடணும்னு நினைக்கறவங்க நிறைய பேர். டி அண்ட் டி 2014 ரூல்ஸ் படி எபிலிட்டி செக்குக்கு (பேச்சு, ஏறுறது மாதிரி திறமைக்கு உருட்டறது) நேச்சுரல் 20 தானா ஜெயிக்கற சமாச்சாரமே கிடையாது, அது அட்டாக் ரோலுக்குத்தான். நடக்காதுன்னா ரோலே கேக்காதீங்க. "அவர் குடுக்க மாட்டார், ஏன்னா தம்பி மகன் படையோட வெளிய நிக்கறான், நீங்க நல்லாப் பேசினா சிரிச்சுட்டு விட்டுடுவார், இல்லைன்னா ஜெயில்"னு சொல்லுங்க. அதைக் கேட்டதும் பிளேயர் தம்பி மகனைப் போய்ப் பாக்கலாம்னு யோசிப்பான், நீங்க எதிர்பாக்காத ஒரு கேம்பெயினே (பல செஷன் ஓடற தொடர்கதை) அங்கேர்ந்து கிளம்பும்.

ரூலிங்கை ஒத்துக்காத பிளேயர் இருந்தா எங்க டேபிள்ல ஒரு நிமிஷம் அவங்க பக்கத்தைச் சொல்லலாம், அப்புறம் நான் சொல்றதை வச்சு ஆட்டம் நகரும், செஷன் முடிஞ்சதும் உக்காந்து பேசுவோம். முடிவானதை எல்லாரும் பாக்கற ஒரு டாக்குமென்ட்ல எழுதி வச்சிடுவோம், அடுத்த தடவை அதே நிலைமை வந்தா நானும் அதுக்குக் கட்டுப்பட்டவன்தான். இன்விசிபிளா இருக்கறவன் சேத்துல நடந்தா கால்தடம் தெரியுமான்னு போன செஷன்ல வந்துச்சு, தெரியும், ஆனா தேடறவன் தரையைத்தான் பாக்கறேன்னு சொல்லணும்னு அப்போதைக்குச் சொல்லி வச்சேன். குள்ளனுக்கு அது இன்னும் சரியாப்படல, மழை பெய்யும்போது மேல விழற தண்ணியிலயே உருவம் தெரியாதான்னு கேட்டு வச்சிருக்கான். அடுத்த செஷன் மழைக்காட்டுலதான், அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதைப் பேசி எழுதிடணும்.