ஒளிரும் சட்டை எந்த விபத்துக்கு?

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும், வெள்ளிப் பட்டை வைத்த பச்சை கலந்த மஞ்சள் நிறச் சட்டையை எல்லோரும் மாட்டிக்கொள்ள வேண்டும். நடை வேகத்தைவிடச் சற்றே விரைவாக ஊர்ந்துவரும் ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டுபவரின் கண்ணில் நாங்கள் பட வேண்டும் என்பதற்காக இந்த விதி. ஷிப்ட் முடிந்ததும் அதைக் கழற்றி லாக்கரில் தொங்கவிட்டுவிட்டு, கருப்பு ஜெர்கினைப் போட்டுக்கொண்டு, லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் விரைகிற வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பைக்கை இறக்குவோம். இதிலுள்ள வேடிக்கை எனக்கு உறைக்கவே நான்கு ஆண்டுகள் ஆயின. உறைத்த பிறகு சொந்தக் காசில் ஒரு சட்டை வாங்கி, இரண்டு ஆண்டுகளாக அணிந்தே ஓட்டுகிறேன். "என்னண்ணே, ட்ராஃபிக் போலீஸ்ல சேர்ந்துட்டீங்களா?" என்று வண்டி நிறுத்துமிடத்தில் தம்பிகள் கேட்பதும் பழகிவிட்டது.

சென்ற மாதம் காலை ஏழரை மணியளவில், படப்பையைத் தாண்டிய ஒரு சந்திப்பில், எதிரே வந்த சுமை வேன் ஒன்று எனக்குக் குறுக்கே வலப்பக்கம் திரும்பியது. அதன் ஓட்டுநர் முகம் என் பக்கம் திரும்பி இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் வேகத்தைக் குறைக்காமல் போனேன். ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. "சத்தியமா கவனிக்கல சார்" என்றார் அவர், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சட்டை அன்றும் என் மேல்தான் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கையில், வேறொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அந்த மற்ற வாகனம் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கிட்டதால் நேர்ந்தவை என்று கண்டிருக்கிறார்கள். என்னைக் குறுக்கிட்ட வேனுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கார்களுக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை. பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுங்கள், மஞ்சள், ஆரஞ்சு, பளிச்சென்ற சிவப்பு போன்ற நிறங்களில் மேலாடை அணியுங்கள் என்ற அறிவுரையும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

சட்டைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2004இல் வெளிவந்தது. விபத்தில் காயமுற்றோ இறந்தோ போன 463 ஓட்டிகளை, அதே பகுதிச் சாலைகளில் பத்திரமாக ஓட்டிக்கொண்டிருந்த 1,233 பேரோடு ஒப்பிட்டார்கள். ஒளிர்துணியோ ஒளிர்பட்டையோ அணிந்தவர்களுக்கு ஆபத்து 37 சதவீதம் குறைவாகவும், கருப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிடும்போது வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவாகவும், பகலில் முகப்பு விளக்கை எரியவிட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவாகவும் இருந்தது. சாதாரண உடையின் முன்புற நிறத்தாலோ வண்டியின் நிறத்தாலோ எந்த வேறுபாடும் தெரியவில்லை.

பெரிய எண்தான். ஆனால் ஒளிரும் சட்டையைத் தேடி வாங்கி அணிகிற மனிதர், அதை அணியாதபோதும் நிதானமாகத்தானே ஓட்டுவார் என்ற ஐயம் எனக்கு உடனே எழுந்தது. வயது, அனுபவம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்திருக்கிறார்கள். சுபாவத்தை அப்படி முழுவதுமாகக் கழித்துவிட முடியாது. இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் டென்மார்க்கில் 6,793 சைக்கிள் ஓட்டிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களோடு மோதிக் காயமுறும் விபத்துகள் ஜாக்கெட் அணிந்தவர்களிடம் 47 சதவீதம் குறைந்தன. ஆனால் தானாகச் சறுக்கி விழுவதும் அவர்களிடம் குறைவாகவே பதிவாகியிருந்தது! மஞ்சள் ஜாக்கெட் யாரையும் சறுக்காமல் காப்பாற்றாது. ஆகவே விபத்தை அவர்களே தெரிவிக்கும் முறையில் ஏதோ சாய்வு இருக்கிறது என்பதை ஏற்று, ஆய்வாளர்களே அந்த எண்ணை 38 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த ஆய்வின் மேல் நம்பிக்கை வந்தது. இருந்தாலும் அது சைக்கிளைப் பற்றியது. பைக்கின் வேகம் வேறு.

அப்படியானால் படப்பையில் என்ன நடந்தது? இதற்கு விடை என் வழித்தடத்திலேயே இருந்தது. காலையில் நான் ஏறக்குறைய மேற்கு நோக்கிப் போகிறேன், சூரியன் என் முதுகுக்குப் பின்னால். மாலையில் கிழக்கு நோக்கித் திரும்புகிறேன், அப்போதும் சூரியன் என் முதுகுக்குப் பின்னால். ஒளிர்துணி என்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றிக் கொடுப்பது. வெயில் எவ்வளவு படுகிறதோ அவ்வளவுக்குத்தான் அது சுடர்விடும். என் முதுகு சுடர்விட்டுக்கொண்டிருக்க, எதிரே வருகிறவர் காண்பதோ கூசும் ஒளிக்கு நடுவே நிழலடித்த ஒரு மார்பை. இஸ்ரேலின் பென்-குரியோன் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நெருங்கி வருகிறது: நகரச் சூழலில் வெள்ளை உடையும் ஒளிர்பட்டை உடையும் எளிதில் கண்ணில் பட்டன, ஊர்களுக்கு இடையிலான சாலையில், வெளிச்சமான வானம் மட்டுமே பின்னணியாக இருந்தபோது, கருப்பு உடையே எடுப்பாகத் தெரிந்தது. பின்னணியிலிருந்து வேறுபட்டு நிற்பதுதான் கணக்கு; அந்த வேறுபாட்டை எந்நேரமும் தரக்கூடிய ஒரே நிறம் என்று ஒன்று இல்லை.

இரவில் நிலைமை மாறுகிறது. அப்போது வேலை செய்வது துணி அல்ல, வெள்ளிப் பட்டை. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் தம்மேல் விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. அதாவது, யாருடைய விளக்கு என்மேல் விழுகிறதோ அவருக்குத்தான் நான் மின்னுவேன். பக்கத்துத் தெருவிலிருந்து சாலையில் நுழையக் காத்திருக்கும் காரின் விளக்கு சாலைக்குக் குறுக்கே நீள்கிறது. நான் அந்த ஒளிக்குள் வருவதற்குள் முடிவு எடுக்கப்பட்டிருக்கும். எதிரே வருபவருக்கு என் முகப்பு விளக்கு சட்டையைவிடப் பன்மடங்கு பிரகாசம். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய இருசக்கர வண்டிகளில் அந்த விளக்கு எஞ்சினோடு சேர்ந்தே எரிகிறது. ஆகவே முன்பக்க வேலையில் பெரும்பகுதியை அதுவே பார்த்துவிடுகிறது.

மிஞ்சுவது பின்பக்கம். ஒரகடத்திலிருந்து இரவு பதினொரு மணிக்குத் திரும்பும்போது எனக்குப் பின்னால் வரும் லாரியின் விளக்கு நேராக என் முதுகில் விழுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். மழைக்காலத்தில் சேறு படிந்து மங்கிய என் சிறு பின்விளக்கை மட்டும் நம்பியிருப்பதற்கும், இரண்டடி உயரத்துக்கு மின்னும் பட்டை முதுகில் இருப்பதற்கும் இடையே அந்த நொடிகள் கிடக்கின்றன. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு பட்டை உதவியிருக்கும் என்று கணக்கிட என்னால் ஆகாது. ஆனால் இரவில் பின்னாலிருந்து மோதப்படும் விபத்துக்குத்தான் இந்தச் சட்டை மிகவும் பொருந்துகிறது என்பது என் முடிவு. சந்திப்பில் அதை நான் நம்புவதில்லை. சட்டையே போடாதவனைப் போல வேகத்தைக் குறைத்து, எதிர் வண்டியின் முன்சக்கரம் அசைகிறதா என்று பார்க்கிறேன். ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தம்பிகளின் கேலிக்கும் ஓர் ஆதாரம் கிடைத்தது. அப்போது இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த இயன் வாக்கர், ஏழு வகை உடைகளை மாற்றி மாற்றி அணியச் செய்து, சைக்கிளை முந்தும் கார்கள் எவ்வளவு இடைவெளி விடுகின்றன என்று அளந்தார். காவல்துறை என்று எழுதி, படம் பிடிக்கப்படுகிறது என்ற எச்சரிக்கையும் தாங்கிய சட்டைக்கு மட்டும் சற்றுக் கூடுதல் இடம் கிடைத்தது. கண்ணில் படுவது வேறு, மதிக்கப்படுவது வேறு போலும்.

முதுகுதான் முக்கியம் என்று தெரிந்த பிறகு என் முட்டாள்தனம் ஒன்றும் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்தச் சட்டைக்கு மேலேயே கருப்பு லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். முடிச்சூரில் ஒரு தையல்காரரிடம் பையைக் கொடுத்து இரண்டு வரிசைப் பட்டை தைத்து வாங்கினேன். மழைக்கோட்டின் முதுகிலும் ஒட்டியாயிற்று. மாதம் ஒருமுறை இரவில் மொட்டைமாடிக் கொடியில் எல்லாவற்றையும் தொங்கவிட்டு, எதிர்க்கோடியில் நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பார்க்கிறேன். பட்டை ஒளியை வந்த வழியே அனுப்புவதால் டார்ச் கண்ணுக்கு ஒட்டினாற்போல் இருந்தால்தான் உண்மை நிலை தெரியும். நேற்று பார்த்தபோது பையும் மழைக்கோட்டும் பளிச்சென்று இருந்தன. சட்டையில், பை வார் உராயும் வலது தோள்பட்டையில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றுமே மின்னவில்லை.