எட்டில் ஒன்று

ஜூன் 11
இன்றும் ராத்திரி எட்டரைக்கு, நான் நடத்தும் நெட் சர்வீஸில் பாக்கெட் விழத் தொடங்கிவிட்டது, அதாவது டேட்டாத் துண்டுகள் வழியிலேயே தொலைகின்றன. பதில் வருகிறதா என்று அனுப்பிப் பார்த்த நூறு பிங்கில் ஏழு திரும்பவில்லை. வீடியோ காலில், தக்கலையில் இருக்கும் மனைவியின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றது. "கேக்குதா?" மட்டும் மூன்று தடவை வந்தது.

ஜூன் 12
விடாத மழை. பழியை ஃபைபர் மேல் போட வசதி. குழித்துறை வரை நனைந்துபோய் ஃபைபரில் வரும் ஒளியை அளக்க மீட்டர் வைத்தேன். மைனஸ் 21 டிபிஎம். குறை சொல்ல முடியாத அளவு. காலை ஐந்து மணிக்கு ஒரு பாக்கெட்கூட விழவில்லை. மழை அப்போதும் பெய்துகொண்டுதான் இருந்தது.

ஜூன் 14
டாக்டர் இருபதாம் தேதி என்றாராம்.

ஜூன் 15
மூன்று நாளாக என்னை ஏமாற்றியது ஒரு சராசரி. சர்வர் லோடு 13 சதவீதம், சும்மா கிடக்கிறது என்று நினைத்தேன். அதன் பிராசசரில் எட்டு கோர், தனித்தனியாக வேலை செய்யும் எட்டு மூளை மாதிரி. எட்டில் ஒன்று பன்னிரண்டரை! ஒவ்வொரு கோராக விரித்துப் பார்த்தால் முதலாவது நூறில் முட்டி நிற்கிறது, மற்ற ஏழும் தூக்கம். நெட்வொர்க் கார்டில் பாக்கெட்டுகள் பல க்யூவாக, வரிசையாக வருகின்றன. 'பாக்கெட் வந்திருக்கு, எடு' என்று எல்லா க்யூவும் கொடுக்கும் இன்டரப்டும் அந்த ஒன்றின் தலையில். லினக்ஸ் ஒவ்வொரு கோருக்கும் பாக்கெட் கணக்கு வைக்கும் சாஃப்ட்நெட் ஸ்டாட்டில் அதன் மூன்றாவது எண் நான் பார்க்கப் பார்க்க ஏறியது. ஒரு சுற்றுக்கு 300 பாக்கெட் என்ற கணக்கு தீர்ந்து, பாதியில் கைவிட்ட தடவைகள் அவை.

ஜூன் 16
க்யூவுக்கு ஒரு கோர் என்று பிரித்தேன். ஏழு இரண்டானது. ஆசை விடவில்லை, பாக்கெட்டுகள் கார்டில் காத்திருக்கும் இடமான ரிங் பஃபரை 512இலிருந்து 4096 ஆக்கினேன். கார்டு ரீசெட் ஆகி எல்லோருக்கும் நெட் போனது, கீழே அண்ணாச்சி கடையிலிருந்தே சத்தம். பகலில் செய்திருக்கலாம். அவளும் அப்போது லைனில்தான் இருந்தாள்.

ஜூன் 17
மறுபடி இரண்டு.

ஜூன் 18
என்னிடம் நெட் வாங்கும் 1,900 பேருக்கும், இது யாருடைய பாக்கெட் என்று பிரிக்க ஆளுக்கொரு ஃபில்டர் வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசி ஆளின் பாக்கெட் 1,900 வரியையும் தாண்டி வரவேண்டும். எழுதியவன் நான்தான், இருநூறு பேர் இருந்த காலத்தில். ஐபி முகவரியின் கடைசி எண்ணை வைத்து வரிகளை 256 பெட்டியாகப் பிரித்து ஹேஷ் போட்டேன், நேராக அந்தப் பெட்டிக்கே போய்விடலாம். பெட்டிக்கு ஏழெட்டு வரி. தக்கலைக்குப் போகவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 19
ஒன்று. ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று பங்கிடுவது ஹெச்டிபி மரம். எத்தனை கோர் இருந்தாலும் அதற்குப் பூட்டு ஒன்றே, ஒரு நேரத்தில் ஒரு கோர்தான் உள்ளே போகலாம். சந்தைக்கு எட்டு வாசல் திறந்துவிட்டு ரசீது போட ஒரே ஆளை உட்கார்த்தியதுபோல. க்யூவுக்கு ஒரு மரமாகப் பிரித்தால் சரியாகலாம். ஆனால் ஒரே ஆளின் பாக்கெட்டுகள் இரண்டு மரத்தில் விழுந்தால் அவருக்கு இரண்டு மடங்கு வேகம்.

ஜூன் 20
ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே கூட்டிப்போய் ஒரு மணி நேரம் ஆகிறது. எட்டரைக்கு, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு போன் போட்டேன். "அரைதான் விழுது அண்ணே, நீங்க அங்க பாருங்க." அரை எங்கே விழுகிறது? மூன்றாவது எண்ணைப் படி என்றேன், அவன் படித்துக்கொண்டிருக்கும்போதே கதவு