ஒரே பள்ளி, நான்கு தேர்வுகள்

பன்னாட்டுப் பள்ளி என்றதும் வாசலில் வரிசையாகப் பறக்கும் கொடிகளும் ஆண்டுதோறும் நடக்கும் உணவுத் திருவிழாவுமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஜெனீவாவில் அத்தகைய பள்ளியொன்றின் மேல்வகுப்புகளுக்கு வரலாறு கற்பித்த எனக்கு, இப்பள்ளிகளின் கதையைத் தேர்வுத்தாள் வழியாகச் சொல்வதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

இவ்வகைப் பள்ளிகளின் முன்னோடிகளுள் ஒன்றான ஜெனீவா பன்னாட்டுப் பள்ளி 1924இல் தொடங்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காக, அச்சங்க அலுவலர்களான ஆர்தர் ஸ்வீட்சரும் லுட்விக் ரைக்மனும் கல்வியாளர் அடால்ஃப் ஃபெரியேரும் முன்னின்று உருவாக்கிய பள்ளி அது. தாய் கமலாவின் சிகிச்சைக்காக 1926இல் குடும்பம் அந்நகருக்குச் சென்றபோது இந்திரா காந்தியும் சில காலம் அங்கே படித்தார். 1929 முதல் தலைமையேற்ற மரி தெரேஸ் மொரேத், சொந்த நாட்டுக்கு முன் உலகப் படத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்க விரும்பியவர்.

கொள்கை உயர்ந்ததுதான், பதினாறு வயதில் அது முட்டி நின்றது. பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமென்றால் ஒருவருக்கு ஸ்விஸ் தேர்வு, இன்னொருவருக்குப் பிரெஞ்சுத் தேர்வு, மற்றவர்களுக்குப் பிரிட்டிஷ் அல்லது அமெரிக்கத் தேர்வு என்றிருந்ததால், சிறு வயது முதல் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் கடைசி ஆண்டுகளில் தனித்தனி வகுப்புகளுக்குப் பிரிந்தனர். இதற்குத் தீர்வு தேடிய ஆசிரியர்கள் 1960களின் தொடக்கத்தில் பொதுத் தேர்வுக்காக முதலில் கையிலெடுத்த பாடம் சமகால வரலாறு. சண்டை மிகுந்த பாடத்திலேயே தொடங்கிய அவர்களுடைய துணிச்சலை இன்றும் வியக்கிறேன். அம்முயற்சி வளர்ந்து 1968இல், பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் பொதுப் பள்ளித் தேர்வை நடத்தும் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) அமைப்பாயிற்று.

அதன் பயனை என் வகுப்பில் கண்டேன். முதல் உலகப் போருக்கு வித்திட்ட சரயேவோ கொலையைப் பற்றிய பாடத்தில், ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்ற செர்பிய இளைஞன் கவ்ரிலோ பிரின்சிப்பின் படத்தைத் திரையில் காட்டியதும், "எங்கள் ஊரில் இவருக்குச் சிலை இருக்கிறது, சார்" என்றான் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்த மாணவன். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவிலிருந்து வந்த மாணவியோ, தங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இளவரசரின் ரத்தக்கறை படிந்த சீருடையைப் பார்த்ததாகச் சொன்னாள். பழைய முறையில் இவர்கள் வெவ்வேறு பாடநூல்களோடு வெவ்வேறு அறைகளில் இருந்திருப்பார்கள். ஐபி வரலாற்றுத் தாளிலோ ஒரே நிகழ்வைப் பற்றிய முரணான சான்றுகளைக் கொடுத்து, அவற்றை யார், எதற்காக எழுதினார்கள் என்று எடைபோடச் சொல்வார்கள். வகுப்புத் தேர்வில் அவன் ஆஸ்திரிய ஆவணத்தையும் அவள் செர்பியத் தரப்பையும் ஆராய்ந்தே விடை எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்த பிறகும் தத்தம் கட்சியை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.