ஏற்றத்தில் திணறும் வண்டியும் இக்னிஷன் காயிலும்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் பெட்ரோல் வண்டிகளுக்கு தொப்பூர் கணவாய்தான் பரீட்சை. சமதரையில் எண்பதில் சத்தமில்லாமல் வந்த கார், கணவாயில் கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் குலுங்க ஆரம்பிக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் சூளகிரி ஏற்றத்திலும், ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரத்துக்குத் திரும்பும் மலைப்பாதையிலும் இதே கதைதான். "அண்ணா, தரையில ஒண்ணும் தெரியல, ஏத்தத்துல மட்டும் இழுக்க மாட்டேங்குது" என்று வண்டிக்காரர் சொன்னால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்கேனரைச் செருகும் முன் இந்தப் பேச்சை முழுசாகக் கேட்க வேண்டும். எந்த ஏற்றம், எந்த கியர், இன்ஜின் சூடா குளிரா, ஏசி ஓடியதா, பெட்ரோலிலா சிஎன்ஜியிலா என்று கேட்டு வாங்கும் பதில்கள் பின்னால் அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

ஏற்றத்தில் மட்டும் ஏன்? பிளக் முனைகளுக்கு நடுவே பொறி தாண்டுவதற்கு எவ்வளவு வோல்ட்டேஜ் வேண்டும் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் அமுக்கத்தைப் பொறுத்தது. ஐட்லிங்கில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே போகும் காற்று கொஞ்சம், அமுக்கமும் கொஞ்சம். நைந்த இக்னிஷன் காயில்கூட அந்தப் பொறியைக் கொடுத்துவிடும். ஏற்றத்தில் த்ராட்டில் திறந்து காற்று நிறைந்து அமுக்கம் ஏறியதும், அதே இடைவெளியைத் தாண்ட பல ஆயிரம் வோல்ட் கூடுதலாக வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000, 30,000 வோல்ட்டாக ஏற்றித் தருவதுதான் காயிலின் வேலை. அந்த மின்சாரத்துக்கு பிளக் முனையைத் தாண்டுவது கடினமாகிவிட்டால், காயிலை பிளக்கோடு சேர்க்கும் ரப்பர் உறையான பூட்டின் (boot) பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு பிளக் குழியின் சுவருக்குப் பாய்ந்துவிடும். சிலிண்டருக்குள் பொறி இல்லை, பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது, வண்டி குலுங்குகிறது.

இதிலிருந்தே ஒரு விஷயம் விளங்கும். காயில் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, தேய்ந்த பிளக் அதைக் கொல்கிறது. சாதாரண நிக்கல் பிளக் 30,000, 40,000 கிலோமீட்டர் தாண்டினால் முனை தேய்ந்து இடைவெளி அகன்றுகொண்டே போகும். 1.0 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 1.4 தகடு தடையில்லாமல் நுழையும். அந்த அகன்ற இடைவெளியைத் தாண்ட ஒவ்வொரு பொறிக்கும் காயில் தன் எல்லை வரை உழைக்கிறது, உள்ளே காப்புப் பூச்சு மெல்ல மெல்ல வெந்துபோகிறது. காயிலை மட்டும் மாற்றி பழைய பிளக்கையே திரும்பப் பூட்டி அனுப்பினால், புதுக் காயிலும் அதே வழியில்தான் போகும். இதை வண்டிக்காரருக்கு விளக்கிச் சொல்லாமல் பில் மட்டும் போடுவது சரியான வேலை ஆகாது.

ஸ்கேனரில் பி 0301 என்ற எரர் கோடு (code) வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அது எரியாமல் விடுகிறது; பி 0304 வந்தால் நான்காவது. பி 0300 என்றால் ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி விடுகிறது என்று பொருள். அப்போது நான்கு காயிலும் ஒரே நேரத்தில் போயிருக்கும் என்று நினைப்பதைவிட பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, இன்ஜினுக்கு வரும் எர்த் வயர் ஆகியவற்றை முதலில் பார்ப்பதே முறை. கிராங்க் சுற்றும் வேகத்தில் விழும் சிறு தடுக்கலை வைத்துத்தான் இன்ஜினின் கணினியான ஈசியு மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கிறது. பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, வால்வு மூடவில்லையா என்று அதற்குத் தெரியாது. பி 0301 என்று பார்த்ததும் காயில் ஆர்டர் போடுவது இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு.

சரியான சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை முதலில் போட்டு, எரர் கோடை அழித்துவிட்டு ஏற்றத்தில் ஓட்ட வேண்டும். கோடு பி 0303 ஆக மாறினால் குற்றம் காயிலில். பி 0301 ஆகவே நின்றால் பிளக்கை இடம் மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் அசையவில்லை என்றால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், அதற்கும் பிறகு அமுக்கம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ். காயிலையும் பிளக்கையும் ஒரே தடவையில் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். பழைய வண்டிகளில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் பொறி கொடுக்கும் அமைப்பு இருக்கும். அங்கே ஒன்றும் நான்கும் சேர்ந்து விட்டால், அல்லது இரண்டும் மூன்றும் சேர்ந்து விட்டால், காயில் பேக்கைச் சந்தேகிக்கலாம்.

எது விடுகிறது என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் காயிலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. இதை விட்டுவிட வேண்டும். போக வழியில்லாத அந்த வோல்ட்டேஜ் நல்ல காயிலின் காப்பையும் துளைத்துவிடும், கைக்கும் ஆபத்து. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கும். செக் இன்ஜின் லைட் நிற்காமல் மின்னினால் வண்டியை மெதுவாக ஓட்டி ஓரம் கட்டச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் அதே விடை இந்தச் சேதமெல்லாம் இல்லாமல் கிடைக்கும்.

கழற்றும் வேலை சின்னது, அவசரப்பட்டால்தான் பெரிதாகும். இன்ஜின் ஆற வேண்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். கனெக்டரின் பூட்டு நாக்கு சூட்டில் வருடக்கணக்காக வெந்து அப்பளம் மாதிரி இருக்கும். அமுக்கிக்கொண்டு முதலில் உள்ளே தள்ளி, பிறகு வெளியே இழுத்தால் உடையாது. ஒரு 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகி ஒட்டை விடுவித்த பிறகு நேராகத் தூக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் பூட் கிழிந்து பாதி குழிக்குள்ளேயே நின்றுவிடும்.

காயில் வெளியே வந்ததும் பூட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மொத்த வேலையிலும் நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். ரப்பரின் பக்கத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டை, அதைச் சுற்றி சாம்பல் நிற வளையம் இருந்தால் மின்சாரம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த பிளக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். துடைத்தாலும் மின்சாரம் அந்தத் தடத்தை மறக்காது. பீங்கான் இரும்போடு சேரும் இடத்தில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை படிந்திருப்பது வேறு விஷயம், அது பழுதில்லை. பூட் எண்ணெயில் ஊறிப் பொதபொதவென்று இருந்தால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குள் இருக்கும் பிளக் குழி சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் காயிலை மாற்றுவது வீண், எண்ணெய் புது ரப்பரையும் ஊறவைத்துவிடும். குழியில் தண்ணீர் நின்றால் முந்தின நாள் வாட்டர் சர்வீஸ் செய்தார்களா என்று கேட்டால் போதும். பல நேரம் காற்றடித்துக் காயவைத்து, பூட்டைத் துடைத்துப் போட்டாலே வண்டி சரியாகிவிடும்.

தோட்டத்தில் நிற்கும் வண்டிகளுக்கு எலி வயரைக் கடிப்பது தனிப் பிரச்சினை. பி 0351 முதல் பி 0354 வரையிலான எரர் கோடுகள் காயிலின் மின்சுற்றைச் சொல்பவை. அவை வந்தால் காயிலுக்குப் போகும் வயரைக் கைவிரலால் தடவிக்கொண்டே கடைசி வரை போக வேண்டும். சாவியைப் போட்டு கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகே காயிலைப் பற்றிப் பேசலாம். பொறியைத் தூண்டும் மின்னணுப் பாகமான இக்னைட்டர் உள்ளேயே இருக்கும் காயிலை ஓம் மீட்டரால் அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. அங்கே இடம் மாற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி.

பிளக்கைக் கழற்றும் முன் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கை ஒரு துண்டு ரப்பர் ட்யூபில் செருகி, விரலால் மரை பிடிக்க வைக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் ஒரு மணி நேர வேலை ஒரு வாரமாகும். 14 மி.மீ. மரையுள்ள வாஷர் பிளக்குக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், கையில் இறுகிய பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை. இரிடியம் பிளக்கின் இடைவெளியைத் தட்டித் திருத்தக் கூடாது, ஊசி போன்ற முனை உடைந்துவிடும். பூட்டின் உள்வாயில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவினால் அடுத்த முறை ஒட்டாமல் வரும். காயில் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் முறுக்கினால் கவரின் மரை போகும்.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கமும், தக்காளி நேரத்தில் ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கமும் சிஎன்ஜி லோடு வண்டிகள் இந்தக் குறையோடு நிறைய வரும். சிஎன்ஜியைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட்டேஜ் வேண்டும், லோடும் ஏறினால் காயிலுக்கு இரட்டைச் சுமை. பெட்ரோலில் நன்றாக ஓடி சிஎன்ஜியில் மட்டும் குலுங்கினால் பிளக்கைத்தான் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் சின்ன யானைக்கு (டாடா ஏஸ்) இரண்டே சிலிண்டர். ஒன்று விட்டால் வண்டி சந்தைக்குப் போய்ச் சேராது, ஒரு நாள் தக்காளி போச்சு. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பிளக் மாற்றும் கிலோமீட்டரை டேஷ்போர்டில் எழுதி ஒட்டிக் கொடுப்பது நல்லது.

ஒரு காயில் போனால் நான்கையும் மாற்றச் சொல்வது தேவையில்லை. பிளக் நான்கையும் மாற்றிவிட்டு, போன காயிலை மட்டும் மாற்றினால் போதும். வேலை முடிந்ததும் எரர் கோடை அழித்து, பட்டறை வாசலில் ரேஸ் பண்ணிப் பார்த்துவிட்டு சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. எந்த ஏற்றத்தில் குலுங்கியதோ அதே ஏற்றத்தில், அதே கியரில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டி, ஒருமுறை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். விரிசல் விட்ட காயில் நின்ற சூட்டில்தான் காட்டிக் கொடுக்கும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டுப் பாதையில் தினமும் போகிறவர்கள் ஒரு காயிலும் 10 மி.மீ. ஸ்பேனரும் டிக்கியில் வைத்திருந்தால், பத்து நிமிடத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம்.