ஈத்தர்நெட் இயக்கித் தேர்வு: முதலில் வால் ரெஜிஸ்டரைப் படியுங்கள்

முடிவுகள் வெளியாகி, என் பதிவெண் பட்டியலில் இருப்பதை உறுதிசெய்துகொண்ட கையோடு இதை எழுதுகிறேன். பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடு பக்கத்திலிருந்து சாதன இயக்கி (வன்பொருளை இயக்க முறைமையோடு இணைக்கும் நிரல்) எழுதும் வேலைக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் தேர்வெழுதப் போகும் தம்பி தங்கைகள் "எதைப் படிக்கிறது அக்கா?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல். எழுத்து, ஆய்வகம், நேர்காணல் என்ற சுற்றுகளின் அமைப்பும் மதிப்பெண் பங்கீடும் உங்களுக்குத் தெரிந்தவையே. எழுத்துச் சுற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை; கல்லூரியில் இயக்க முறைமைப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் அதில் தேறிவிடுவார்கள். ஆட்களைக் கழித்துக்கட்டுவது ஆய்வகச் சுற்றுதான்.

அங்கே இன்டெல்லின் 82540 வரிசை கிகாபிட் ஈத்தர்நெட் (கம்பிவழி நெட்வொர்க்) கார்டுகளுக்கான லினக்ஸ் இயக்கி ஒன்றை, வேண்டுமென்றே சில இடங்களில் கெடுத்து, நம் கையில் தருகிறார்கள். அதை ஓடவைக்க வேண்டும். இதற்கென்று கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் பயிற்சி வகுப்பொன்றில் நானும் சேர்ந்திருந்தேன். அங்கே கெர்னல் மாட்யூல் (இயக்க முறைமையின் மையத்தோடு ஏற்றி இறக்கும் நிரல்துண்டு) எழுதுவதையும் எழுத்துவகைச் சாதனம் (பைட் பைட்டாகப் படித்து எழுதும் சாதனம்) ஒன்றைத் திறந்து மூடுவதையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்களே ஒழிய, கார்டும் இயக்கியும் நினைவகத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை ஒரு நாளும் தொடவில்லை. அந்தப் பணம் போனதைப் பற்றி எனக்கு இன்னும் ஆற்றாமை இருக்கிறது. வகுப்பைவிட எனக்கு உதவியவை இரண்டு: இன்டெல் இலவசமாகவே வெளியிட்டிருக்கும் மென்பொருள் உருவாக்குநர் கையேடு, பழைய மடிக்கணினியில் ஓடிய கியூஎமு என்ற, கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனை செய்யும் மென்பொருள். கியூஎமு இந்தக் கார்டையே பாவனை செய்து காட்டுவதால், காவேரிப்பட்டணத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி, ஒரு கார்டுகூட வாங்காமல் முழு இயக்கியையும் எழுதிப் பழக முடிந்தது. கையேட்டில் 3ஆம் அத்தியாயத்தையும் 14ஆம் அத்தியாயத்தையும் வரிவரியாகப் படியுங்கள்; 13ஆம் அத்தியாயம் ரெஜிஸ்டர்களின் (கார்டை ஆட்டிவைக்க இயக்கி எழுதியும் படித்தும் பார்க்கும், கார்டுக்குள் இருக்கும் இடங்களின்) பட்டியல் என்பதால் தேவைப்படும்போது புரட்டினால் போதும்.

இனி, என்னைத் தேர்ச்சி பெறவைத்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன். நினைவகத்தில் 16 பைட் அளவுள்ள டிஸ்கிரிப்டர்கள் (விவரக் குறிப்புகள்) ஒரு வளையமாக அடுக்கப்பட்டிருக்கும்; பாக்கெட்டுகளைப் பெற ஒரு வளையம், அனுப்ப ஒரு வளையம். ஒவ்வொரு குறிப்பும் ஒரு பஃபரின், அதாவது பாக்கெட்டை வைக்கும் நினைவக இடத்தின், முகவரியைத் தாங்கி நிற்கும். வளையத்தின் தலையைக் கார்டு நகர்த்தும். வாலை இயக்கி நகர்த்தும். பெறும் வளையத்தின் தலை ரெஜிஸ்டர் பதினாறடிமானத்தில் 2810இலும் வால் 2818இலும், அனுப்பும் வளையத்தின் தலை 3810இலும் வால் 3818இலும் இருக்கின்றன. தலையிலிருந்து வாலுக்கு முந்தைய இடம் வரை உள்ளவை கார்டுக்குச் சொந்தம். மற்றவை இயக்கிக்குச் சொந்தம். மாங்காய் மண்டியில் காலி கிரேட்டுகளை வரிசையாக வைத்து, "இந்தக் கிரேட்டுக்கு முன்னால வரைக்கும் நிரப்பு" என்று ஆளிடம் சொல்லிவிட்டுப் போவதைப் போன்றதுதான் இது: சொன்ன இடம் வந்ததும், எதிரே இன்னொரு காலி கிரேட்டு இருந்தாலும், அவர் கையை நிறுத்திவிடுவார்.

தலையும் வாலும் ஒரே எண்ணைக் காட்டினால் என்ன பொருள் என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். அனுப்பும் வளையத்தில் அனுப்புவதற்கு எதுவும் இல்லை என்றும், பெறும் வளையத்தில் வாங்கி வைப்பதற்கு இடமில்லை என்றும் இரண்டு விடைகளாகப் பலர் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டும் ஒரே விடைதான்: கார்டின் பங்கில் எந்த டிஸ்கிரிப்டரும் மிச்சமில்லை. இதைப் பிடித்துக்கொண்டால், பெறும் வளையத்தின் வாலைத் தொடக்கத்தில் பூஜ்யமாக வைத்தால் ஏன் ஒரு பாக்கெட்டும் வராது என்பதும், 16 டிஸ்கிரிப்டர்கள் கொண்ட வளையத்தில் அதை 15 என்று ஏன் வைக்கிறோம் என்பதும், அனுப்பும் வளையத்தில் ஏன் எப்போதும் ஒரு இடத்தைக் காலியாக விடுகிறோம் என்பதும் தாமாகவே விளங்கிவிடும்.

ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த கணினியில், முதல் இரண்டு பழுதுகளைச் சரிசெய்த பிறகு, எதிர்முனைக் கணினி பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் சரியாக 13 பதில்களை வாங்கிக்கொண்டு நின்றுபோனது. இணைப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிழைச் செய்திகள் பதிவாகும் இடத்தில் எதுவும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் இன்டரப்ட் (கார்டு செயலியைக் கூப்பிடும் சைகை) பகுதியை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். நான் விசைப்பலகையைத் தொடாமல், தாளில் 16 கட்டங்கள் வரைந்து எண்ணினேன். வால் 15இல் இருப்பதால் கார்டுக்குக் கிடைத்தவை 15 பஃபர்கள். அவற்றில் ஒன்றை நாம் கேட்ட ஏஆர்பி கேள்விக்கு (எதிர்முனைக் கார்டின் வன்பொருள் முகவரியைக் கேட்பதற்கு) வந்த பதில் எடுத்துக்கொண்டது; சில நொடிகள் கழித்து எதிர்முனைக் கணினி நம் முகவரியை உறுதிசெய்துகொள்ள அனுப்பிய ஏஆர்பி கேள்வி இன்னொன்றை எடுத்துக்கொண்டது; மீதி 13. வந்த பாக்கெட்டை மேலே ஒப்படைத்த பிறகு, அந்த இடத்தில் புதிய பஃபரை வைத்து வாலை அந்த எண்ணுக்கு நகர்த்தும் வரியை நீக்கியிருந்தார்கள். ஒற்றை வரிதான், எழுதிச் சேர்த்ததும் பிங் நிற்காமல் ஓடியது.

ஆகவே காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துப்போங்கள் என்பதுதான் என் முதன்மையான அறிவுரை. காணொளி பார்த்து, தட்டிப் பார்த்து, ஓடுகிறதா என்று சோதித்துக் கற்பவர்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம். நான் மெதுவாகப் படிக்கிறவள். எனக்குத் தெரிந்த வழியைத்தான் என்னால் சொல்ல முடியும்.

மற்ற பழுதுகள் பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கும்:

- இயக்கி எந்தக் கார்டுகளுக்கு உரியது என்று சொல்லும் அடையாள அட்டவணையில் சாதன எண் விடுபட்டிருக்கும். தயாரிப்பாளர் எண் 8086 சரியாக இருப்பதால் கண் ஏமாந்துவிடும். கார்டைக் கண்டதும் வேலையைத் தொடங்கும் புரோப் செயற்கூறே அழைக்கப்படாது.
- கார்டு தானே நினைவகத்தை அணுகுவதற்கான பஸ் மாஸ்டர் உரிமை தரும் அழைப்பு நீக்கப்பட்டிருக்கும். ரெஜிஸ்டர்களைப் படிக்க முடியும், ஆனால் கார்டால் நினைவகத்தைத் தொட முடியாது. எந்த டிஸ்கிரிப்டரிலும் "முடிந்தது" பிட் எழாது.
- வளையத்தின் நீளம் 128 பைட்டின் மடங்காக இராது. அதாவது டிஸ்கிரிப்டர்களின் எண்ணிக்கை 8இன் மடங்காக இருக்க வேண்டும்.
- அனுப்பும் டிஸ்கிரிப்டரில் நிலையைத் தெரிவிக்கச் சொல்லும் பிட் இராது. பாக்கெட் வெளியே போகும். போனது இயக்கிக்குத் தெரியாது. சற்று நேரத்தில் வளையம் நிரம்பிவிடும்.
- மேக் முகவரியை (கார்டின் வன்பொருள் முகவரியை) எழுதும் ரெஜிஸ்டரில் முகவரி செல்லுபடியாகும் என்று சொல்லும் 31ஆம் பிட் விடுபட்டிருக்கும். பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் பொதுவாக வருவது) வரும், நமக்கென்று வருவது வராது.

டிஸ்கிரிப்டர் முடிந்ததா என்று அறிய, தலை ரெஜிஸ்டரைப் படிக்காமல் நினைவகத்தில் உள்ள அந்தப் பிட்டைப் பார்ப்பது ஏன் என்றும் கேட்டார்கள். கார்டு செருகப்பட்டிருக்கும் பிசிஐ பாதை வழியாக ஒரு ரெஜிஸ்டரைப் படித்து விடை வரும்வரை செயலி காத்திருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். தலை நகர்ந்துவிட்டது என்பதாலேயே டிஸ்கிரிப்டரின் நிலை நினைவகத்தில் எழுதப்பட்டாயிற்று என்று உறுதிசொல்ல முடியாது என்பது மற்றொன்று. இதன் தொடர்ச்சியாக நினைவக வரிசைமுறை வரும்: டிஸ்கிரிப்டரை முழுதாக நிரப்பிய பிறகே வாலை எழுத வேண்டும், செயலி அந்த வரிசையை மாற்றிவிடாதபடி இடையே தடுப்பு ஒன்றையும் வைக்க வேண்டும். எக்ஸ்86 (இன்டெல் வகை) செயலியில் சோதித்தவர்கள் தடுப்பில்லாமலே ஓடியது என்று வாதாடுவார்கள். ஆர்ம் செயலியில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதே அடுத்த கேள்வி.

நேப்பி (இன்டரப்ட்டை மூடிவைத்துவிட்டு பாக்கெட்டுகளைத் தொகுப்பாக எடுக்கும் லினக்ஸ் முறை) பற்றி ஒன்று மட்டும். ஒருமுறைக்கு இத்தனை பாக்கெட் என்று கொடுத்த வரம்பு, வழக்கமாக 64, முழுதும் தீர்ந்திருந்தால் வேலை முடிந்ததாக அறிவிக்கக் கூடாது. வரம்புக்குக் குறைவாக முடிந்தால் மட்டுமே அறிவித்துவிட்டு இன்டரப்ட்டை மீண்டும் திறக்க வேண்டும். அதோடு, இன்டரப்ட் காரண ரெஜிஸ்டரைப் படித்தாலே அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால், பிழைதேடுவதற்காக இரண்டாம் முறை படிக்கும் வரியை எங்கும் சேர்த்துவிடாதீர்கள்.

நேர்காணலில் எனக்குப் பிடித்த கேள்வி 2008ஆம் ஆண்டு நிகழ்வைப் பற்றியது. லினக்ஸ் 2.6.27இன் சோதனை வெளியீடுகளை ஓட்டிய சில கணினிகளில், இன்டெல்லின் ஈ1000ஈ இயக்கி கையாளும் கார்டுகளின் நிலைநினைவகம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) அழிந்து, கார்டே பயனற்றுப்போனது. பழி முதலில் இயக்கியின் மேல் விழுந்தது. உண்மையில், கெர்னல் செயற்கூறுகளின் ஓட்டத்தைத் தடம்பற்றும் எஃப்டிரேஸ் வசதி, தான் முன்பு குறித்துவைத்திருந்த நிரல் முகவரிகளில் பிறகு எழுதியது; அதற்குள் அந்த நிரல் விடுவிக்கப்பட்டு, அதே முகவரியில் கார்டின் நிலைநினைவகம் பொருத்தப்பட்டிருந்தது. இப்படி வன்பொருள் பொருத்தப்பட்ட முகவரியில் தவறாக எதையாவது எழுதினால் அது வன்பொருளையே கெடுக்கும் என்பதை விளக்கச் சொன்னார்கள். ஈ1000 என்ற பழைய இயக்கியிலிருந்து ஈ1000ஈ ஏன் பிரிந்தது என்பதும் உடன் வந்தது: பிசிஐ எக்ஸ்பிரஸ் சில்லுகள் பெருகியபோது, எல்லாவற்றையும் ஒரே நிரலில் வைத்திருந்தால் புதியதற்காகச் செய்யும் மாற்றம் பழையதைக் கெடுக்கும் நிலை இருந்தது.

கடைசி அரைமணி நேரத்தைப் புதிய பழுது தேடுவதில் செலவிடாதீர்கள். மாட்யூலை ஏற்றி, பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கி, மறுபடி ஏற்றுங்கள்; மதிப்பீட்டாளர் வந்ததும் முதலில் செய்வது இதைத்தான். நிறுத்தும் வழியில் வரிசை இப்படி இருக்க வேண்டும்: அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட் வரிசையை நிறுத்து, இன்டரப்ட்டை மூடு, நேப்பியை முடக்கு, கார்டின் பெறுதலையும் அனுப்புதலையும் அணை, அதன் பிறகே பஃபர்களையும் வளையங்களையும் விடுவி. கார்டை அணைக்காமல் நினைவகத்தை விடுவித்தால், வேறு யாருக்கோ கொடுக்கப்பட்ட பக்கத்தில் அது பாக்கெட்டை எழுதிக்கொண்டே இருக்கும். என் வரிசையில் இருந்த ஒரு கணினி, மதிப்பீட்டாளர் கண்ணெதிரிலேயே அப்படித்தான் உறைந்து நின்றது.